கண் பட்ட பேழை

அந்த ஞாயிற்றுக்கிழமை வினோதினி பேழையைத் திறந்தது தன்னைத் தேடித்தான்.

மாவட்ட சைக்கிள் சங்கத்தில் பழைய வீராங்கனைகளுக்கு ஒரு பாராட்டு விழா வைத்திருந்தார்கள். பந்தயத்தில் ஓட்டுகிற மாதிரி ஏதாவது வீடியோ இருந்தால் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மாநிலப் போட்டியில் முதலாவதாக வந்தவள் அவள். கடைசித் திருப்பத்தில் அவள் பறந்து போவதை அப்பா மோகன்ராஜ் போனில் எடுத்திருந்தார். கூடவே ஓடிக்கொண்டு எடுத்ததால் படம் குலுங்கும். "மிதி கண்ணு, மிதி" என்று அவர் கத்துவதும் பதிவாகியிருந்தது.

வீடியோ இருந்தது. ஆனால் அதில் வினோதினி இல்லை. சேற்றுத் தண்ணீரில் சாயம் கரைந்த மாதிரி சில நிறங்கள் இடமிருந்து வலமாக நகர்ந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் பிசைந்த மாவு. அப்பாவின் குரல்கூட பானைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

அடுத்ததைத் திறந்தாள். அதற்கடுத்ததை. கல்லூரியில் பட்டம் வாங்கியது, முதல் வேலைக்குப் போன அன்று ஸ்கூட்டரோடு வாசலில் நின்றது, ரெண்டே வருடத்தில் முடிந்துபோன அந்தக் கல்யாணம், எல்லாமே மாவு.

கையோடு தங்கை சம்யுக்தாவின் தொகுப்பைத் திறந்து பார்த்தாள். மெல்பர்ன் வீட்டுச் சமையலறையில் சம்யு மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றுமில்லாத வீடியோ. ஆனால் அவள் சுட்டுவிரல் நகத்தில் சாயம் கொஞ்சம் பெயர்ந்திருந்தது தெரிந்தது. மூக்குத்தியின் கல்லில் ஜன்னல் தெரிந்தது. மாம்பழத்திலிருந்து வழிந்த சாறு மணிக்கட்டில் நின்ற இடம் தெரிந்தது.

வினோதினி தன்னுடையதை மறுபடியும் திறந்து பார்த்தாள். மாவுதான்.

உலகத்தில் நினைவுச் சில்லுகளுக்குப் பஞ்சம் வந்த பிறகுதான் இந்தப் பேழைகள் வீட்டுக்கு வீடு வந்தன. இலவசமாகப் படங்களைப் போட்டு வைத்துக்கொண்டிருந்த பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கடையைச் சாத்தின. அவரவர் படத்தை அவரவர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. வீட்டு வைஃபையில் மாட்டிவிட்டால் டிவியிலும் போனிலும் எல்லாப் படங்களும் வரும். இடம் நிரம்பிவிட்டதென்று அது ஒருநாளும் சொல்லாது. எப்படிச் சொல்லாமல் இருக்கிறது என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் ஆலையில் ஜெரோமிடம் கேட்டாள். நூல் ஆலையின் கணினி அறையில் அவளோடு வேலை பார்ப்பவன். வீட்டில் இப்படி நாலு பெட்டிகளைப் பிரித்துப் போட்டு மேய்ந்தவன்.

"அது அப்படித்தாங்க வினோ" என்றான் ஜெரோம். "பெட்டில இருக்கற இடம் கொஞ்சம். அதுக்குள்ள எல்லாத்தையும் அடைக்கணும். அதனால வீட்டுல இருக்கறவங்க எதைப் பாக்கறாங்கன்னு கவனிச்சுக்கிட்டே இருக்கும். பாக்கற முகத்தை அப்படியே வெச்சுக்கும். பாக்காத முகத்துல இருந்து மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாச் சுரண்டி எடுத்து, மத்ததுக்குக் குடுத்துரும்."

"சுரண்டினதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?"

"முடியாதுங்க. தேய்ஞ்சது தேய்ஞ்சதுதான்."

"அப்ப என்னோட முகத்தை எங்க வீட்டுல யாருமே பாக்கலைங்கறீங்களா?"

ஜெரோம் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு டீ டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டான். "பெட்டி அப்படித்தான் நினைச்சிருக்கு" என்றான்.

வீட்டில் இருந்தது இரண்டே பேர். அவள், அப்பா. அவளுக்கு டிவி பார்க்க நேரம் கிடையாது. அப்பா மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பிச் சுருள் சுற்றும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா ரேணுகா போன பிறகு காலைப் பலகாரம் முடிந்ததும் டிவி முன்னால் உட்காருவார். பேழையில் எதையாவது ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். வினோதினி குளித்து, சமைத்து, அவருடைய சர்க்கரை மாத்திரையை எடுத்து வைத்து, ஸ்கூட்டரை வெளியே எடுக்கிற வரைக்கும் டிவியில் சத்தம் கேட்கும். எதைப் பார்க்கிறார் என்று அவள் நின்று பார்த்ததில்லை.

அந்த வாரம் நின்று பார்த்தாள். திங்கட்கிழமை சம்யு. செவ்வாய்க்கிழமை சம்யுவும் அவள் குழந்தையும். புதன்கிழமை சம்யுவின் வளைகாப்பு. வியாழக்கிழமை கொஞ்சம் ரேணுகா, பிறகு சம்யு.

வெள்ளிக்கிழமை சம்யு போன் பண்ணினாள். பத்து நிமிஷம் பேசியிருப்பாள். அதற்குப் பிறகு அப்பா இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். "சட்னி நல்லாருக்குது கண்ணு" என்றார். அதே சட்னியைத்தான் நேற்றும் வைத்தாள். நேற்று அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பேழையின் ஆப்பில் எதையும் மாற்ற வழியில்லை. ஆனால் வினோதினியின் பிழைப்பே கறுப்புத் திரையில் கட்டளை அடித்து இயந்திரங்களை வழிக்குக் கொண்டுவருவதுதான். அடுத்த ஞாயிறு மத்தியானம் அப்பா படுத்திருந்தபோது பேழையின் பின்பக்கத்தில் இருந்த சின்னப் பொத்தானை ஊக்கால் அழுத்திப் பிடித்தாள். கம்பெனிக்காரன் பழுது பார்ப்பதற்கென்று விட்டு வைத்த உள்வாசல் திறந்துகொண்டது. மடிக்கணினியில் இருந்து உள்ளே போனாள். ரகசியமான கடவுச்சொல்கூட இல்லை. எல்லாப் பெட்டிக்கும் ஒரே சொல், இணையத்தில் யாரோ போட்டு வைத்திருந்தார்கள்.

கட்டளை ஒவ்வொன்றாக அடித்து கோப்புறைகளைத் திறந்துகொண்டே போனாள். கடைசியில் வந்தது சாதாரண எழுத்துக் கோப்பு. பேழைக்குத் தெரிந்த ஒவ்வொரு முகத்துக்கும் நேரே ஒரு எண். நூற்றுக்கு எவ்வளவு.

சம்யுக்தாவுக்குத் தொண்ணூற்று நான்கு. ரேணுகாவுக்கு அறுபது. சம்யுவின் குழந்தைக்கு எண்பது. அப்பாவுக்கே பன்னிரண்டு. மெல்பர்னில் சம்யு வீட்டுக்கு எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர், இரண்டு மூன்று வீடியோக்களில் பின்னால் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார், அவருக்கு ஒன்பது.

வினோதினிக்கு மூன்று.

அவள் ரொம்ப நேரம் அந்த மூன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமென்று சொல்ல முடியாது. யாரோ தன்னைப் பற்றி முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டிருந்ததைக் கதவோரம் நின்று கேட்டுவிட்ட மாதிரி இருந்தது. சம்யு கல்யாணமாகிப் போனாள், சரி. அம்மா படுத்தபோது வரமுடியவில்லை, டிக்கெட் கிடைக்கவில்லை, சரி. அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது போனில் அழுதாள், சரி. அதற்கெல்லாம் தொண்ணூற்று நான்கா?

கோப்பில் கைவைத்தாள். தன் பெயருக்கு நேரே நூறு என்று போட்டாள். சம்யுவின் பெயருக்கு நேரே ஒன்று. ஒரு கணம் யோசித்துவிட்டு அதையும் அழித்துப் பூஜ்யம் ஆக்கினாள்.

பேழை தானாக எண்ணி மறுபடியும் பழைய கணக்குக்குத் திரும்பிவிடக்கூடாதே என்று, அது ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் இதே எண்களைத் திரும்ப எழுதி வைக்கும்படி நாலு வரியில் ஒரு சின்ன நிரலையும் எழுதிப் போட்டாள். ஆலையில் இருந்தே பார்த்துக்கொள்ள வெளியிலிருந்து வரும் வழியையும் திறந்து வைத்தாள். வேலை சுத்தமாக முடிந்தது. எழுந்து காபி போட்டாள். அப்பாவுக்கும் ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு காபி ருசித்தது.

ஒரே அடியாக எதுவும் நடக்கவில்லை. முதலில் சம்யுவின் மூக்குத்தி போனது. பிறகு பல்வரிசை ஒரே வெள்ளைக் கோடாயிற்று. அடுத்த மாதம் கண்ணும் புருவமும் ஒன்றாகின. வினோதினி தினமும் ஆலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டுகிற சாக்கில் டிவியை எட்டிப் பார்ப்பாள். தங்கை கரைவதைப் பார்க்கையில் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. அது தப்பென்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் எட்டிப் பார்த்தாள்.

ஆனால் அவள் வேறொன்றை எதிர்பார்த்திருந்தாள். மங்கலான சம்யுவை விட்டுவிட்டு, இப்போது அவள் தன்னை எடுத்துச் சேர்க்கிற புதுப் படங்களை அப்பா பார்ப்பார் என்று. அவை கண்ணாடி மாதிரி இருந்தன. அப்பா அவற்றைத் தொடவில்லை. நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் இன்னும் பக்கத்தில்.

ஒருநாள் ஆலையிலிருந்து சீக்கிரம் வந்தபோது வீடு பூட்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரரோடு ஆட்டோவில் வந்து இறங்கினார் அப்பா. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பா விரிந்து, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ப்பா, எங்க போனீங்க? என்கிட்டச் சொல்லக் கூடாதுங்களா?"

"உனக்கு எதுக்குச் சிரமம்னுதான். கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன்."

"கண்ணுக்கு என்னங்ப்பா?"

"ஒண்ணுமில்லயாமா. டாக்டரம்மா எல்லாக் கருவியும் வெச்சுப் பாத்துட்டா. கண்ணு நல்லாருக்குதுங்கறா."

அது நல்ல செய்தியைச் சொல்கிறவர் முகமாக இருக்கவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தவர், வினோதினி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததும் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ற அண்ணனுக்கு எப்படி ஆரம்பிச்சுதுன்னு உனக்கு ஞாபகம் இருக்குதா?" என்றார்.

பெரியப்பாவை அவளுக்கு ஞாபகம் இருந்தது. கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளைப் பார்த்து "நீங்க யாருங்க" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்.

"அதை எதுக்குங்ப்பா இப்பப் பேசறீங்க?"

"கண்ணு நல்லாருக்குது. பேப்பர் படிக்கறேன். உன்ற மூஞ்சி தெரியுது. டிவில நியூஸ் வாசிக்கறவ மூஞ்சி தெரியுது. சின்னவ மூஞ்சி மட்டும் தெரிய மாட்டீங்குது சாமி. ரெண்டு மாசமாக் கொஞ்சம் கொஞ்சமாப் போகுது. கண்ணுல குத்தம் இல்லீன்னா மண்டைலதான இருக்கோணும்? அவனுக்கும் மொதல்ல தூரத்துல இருக்கறவங்கதான மறந்துச்சு." டம்ளரைக் கீழே வைத்தார். "வீட்டுப் பத்திரமெல்லாம் எங்க இருக்குதுன்னு உனக்குக் காட்டி வெச்சரறேன். இன்னிக்கே பாத்துக்க."

வினோதினி அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சொல்லாமல் இருக்க முடியாது. எண்களை மட்டும் மாற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் தேய்ந்த படங்கள் தேய்ந்தபடியேதான் இருக்கும். இந்த மனுஷன் தன் மூளை அழுகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தே செத்துப்போவார்.

"உங்க மண்டைக்கு ஒண்ணும் இல்லீங்ப்பா. நான்தான் பண்ணினேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி எப்படிப் பார்க்கிற முகத்தை வைத்துக்கொண்டு பார்க்காததைத் தேய்க்கிறது என்று, உள்ளே போனது, மூன்று, தொண்ணூற்று நான்கு, பூஜ்யம். சொல்லச் சொல்ல அவள் குரல் சின்னப் பிள்ளை குரலாகிக்கொண்டே வந்தது. மோகன்ராஜ் கடைசிவரை கேட்டார்.

"சின்னவளது திரும்பி வராதா?"

"வராதுங்ப்பா."

"வளைகாப்பு?"

"எதுவுமே வராது."

அவர் டிவி இருந்த பக்கம் பார்த்தார். அது அணைந்திருந்தது. "சரி" என்றார். அடித்திருந்தால் தேவலை என்று வினோதினிக்குத் தோன்றியது.

ஆனாலும் அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "என்னோடது ஒண்ணே ஒண்ணுகூட நீங்க பாக்கலீங்களே. ஏனுங்ப்பா?"

மோகன்ராஜ் யோசித்தார். பொய்யாக ஏதாவது சொல்லி ஆறுதல்படுத்துகிற சுபாவம் அவருக்கில்லை.

"தெரியல சாமி" என்றார். "தோணல."

அன்றைக்கே அவள் தன் நாலு வரி நிரலை அழித்தாள். நூறையும் பூஜ்யத்தையும் எடுத்துவிட்டுப் பேழையைத் தானாக எண்ணிக்கொள்ளும்படி விட்டாள். அவளுடைய எண் மறுபடியும் மூன்றை நோக்கி இறங்கத் தொடங்கியது, சம்யுவுடையது ஏறத் தொடங்கியது. இறங்கட்டும் என்று நினைத்தாள்.

அப்பா சம்யுவிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உன்ற மூஞ்சியைப் பாக்கோணும்போல இருக்குது கண்ணு, ஒருக்கா வந்துட்டுப் போ" என்று மட்டும் போனில் சொன்னார். அவர் அப்படி எதையும் கேட்டதே இல்லை என்பதால் சம்யு பயந்துபோய், குழந்தையைக் கணவனிடம் விட்டுவிட்டு, இரண்டு மாத விடுப்பில் கிளம்பி வந்தாள்.

வந்த அன்று விமான நிலையத்தில் அப்பா அவள் முகத்தைத் தன் இரண்டு உள்ளங்கையிலும் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பின்னால் வருகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். வினோதினி பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றினாள்.

வீட்டில் எல்லாமே சம்யுவைச் சுற்றி என்று ஆயிற்று. சம்யு மார்க்கெட்டுக்குப் போனால் அப்பாவும் செருப்பை மாட்டினார். சம்யு சமையலறையில் நின்றால் அவர் வாசற்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். டிவியை யாரும் போடவே இல்லை. "அக்கா, நீ ரொம்ப இளைச்சுட்ட" என்று சம்யு உண்மையாகவே கவலைப்பட்டாள். அவள்மேல் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அதுவே வினோதினிக்கு எரிச்சலாக இருந்தது.

நாக்பூரில் ஆலையின் கிளை ஒன்று திறக்கப் போகிறார்கள், கணினிகளை நிறுவ ஆள் போகவேண்டும் என்று பேச்சு வந்தபோது வினோதினி முதலில் கை தூக்கினாள். "வீட்டுல அப்பா?" என்றான் ஜெரோம். "தங்கச்சி இருக்கா" என்றாள். ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அப்பா வாசல்வரை வந்து, "பத்தரமாப் போய்ட்டு வா கண்ணு" என்றார். எப்போதும் சொல்வதுதான்.

நாக்பூரில் வேலை அதிகம். தினமும் வீட்டுக்குப் போன் பண்ணினாள். சம்யு எடுப்பாள், சாப்பிட்டாயா என்று அப்பா பின்னாலிருந்து கேட்பார், அவ்வளவுதான். இரண்டாவது வாரம் ஒரு மத்தியான இடைவேளையில், விருந்தினர் விடுதி அறையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, வெளியிலிருந்து வர அவள் திறந்து வைத்த வழியை மூடவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. மூடிவிடலாம் என்றுதான் உள்ளே போனாள். போன கையோடு அந்தக் கோப்பையும் திறந்தாள். கெட்ட பழக்கம்.

சம்யுக்தாவுக்கு நேரே இருபத்தொன்று என்றிருந்தது.

தப்பாகப் பார்க்கிறோமோ என்று மறுபடியும் படித்தாள். ரேணுகாவுக்கு ஐம்பத்தெட்டு. கிட்டத்தட்ட பழைய அளவுதான். தன் பெயரைத் தேடிக் கீழே போனாள். அங்கே இல்லை. மேலே இருந்தது.

வினோதினிக்கு எழுபத்தாறு.

நிரல் இன்னும் அழியாமல் எங்காவது இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. பேழை தானாக எண்ணிய எண்தான் அது. அந்த நேரத்தில் டிவியில் என்ன ஓடுகிறதென்று கேட்டு ஒரு கட்டளை அடித்தாள். பழைய வீடியோ ஒன்றின் பெயர் வந்தது. ஏதோ ஒரு தீபாவளிக்கு முன்னால் அவள் வாளியும் துணியுமாக ஜன்னல் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது யார் எடுத்ததென்றே தெரியாத ஒன்று. அவளே மறந்துபோனது. அது எப்போதோ தேய்ந்து மாவாகிவிட்டது என்பது அவளுக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போன் பண்ணினாள்.

"சொல்லுக்கா" என்றாள் சம்யு.

"அப்பா என்ன பண்றாரு?"

"டிவி முன்னாடி உக்காந்திருக்காரு. நீ போன மூணாம் நாள்ல இருந்து இதேதான். நாற்காலியை டிவிக்குள்ளயே போட்டுக்குவார் போலிருக்கு."

"எதைப் பாக்கறாரு?"

"யாருக்குத் தெரியும்? எல்லாமே புகை மூட்டமா இருக்கு. யாரோ கையை மேலயும் கீழயும் ஆட்டறாங்க. யாருப்பா இதுன்னு கேட்டேன். உங்கக்காடி, தெரியலயாங்கறாரு. எனக்கு ஒரு எழவும் தெரியல. இவருக்கு மட்டும் எப்படித் தெரியுதோ. இப்பப் பாரு, வேர்த்துப்போச்சு, முந்தானைல துடைக்கறா பாருங்கறாரு. அங்க முந்தானையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

வினோதினி கட்டிலில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ இந்தியில் சத்தமாகப் பேசிக்கொண்டு போனார்கள்.

"அக்கா? கேக்குதா?"

"கேக்குது."

"நாள் பூரா நான் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்" என்றாள் சம்யு. அவள் குரல் தாழ்ந்திருந்தது. சமையலறைப் பக்கம் நகர்ந்து வந்து பேசுகிறாள் போல. "குழந்தையை விட்டுட்டு, லீவு போட்டுட்டு, இவ்வளவு தூரம் வந்திருக்கேன். பேசினா ம்ங்கறாரு. திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறாரு. வந்த புதுசுல அப்படி இல்லக்கா. இப்ப நான் இந்த வீட்டுல மேசை நாற்காலி மாதிரி."

அந்தக் குரலை வினோதினிக்கு நன்றாகத் தெரியும். வெளியே யாரிடமும் பேசியதில்லையே தவிர, பல வருஷமாக அவளுக்குள்ளே பேசிக்கொண்டிருந்த குரல்தான்.

சம்யு குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"அக்கா, உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே. இந்தப் பெட்டிக்குள்ள போயி ஏதாச்சும் மாத்த முடியுமா? சும்மாதான் கேக்கறேன். என்னோடதும் கொஞ்சம் வர்ற மாதிரி."

"முடியாது" என்றாள் வினோதினி. "கம்பெனிக்காரன் மூடி வெச்சிருக்கான். யாராலயும் உள்ள போக முடியாது."

"அப்படியா?"

"ஆமா சம்யு. நீ போயி அப்பா பக்கத்துல உக்காரு. நான் அடுத்த வாரம் வந்தர்றேன்."

போனை வைத்துவிட்டுக் கறுப்புத் திரையைப் பார்த்தாள். அந்தச் சின்ன நேரத்துக்குள் எழுபத்தாறு எழுபத்தேழு ஆகியிருந்தது. அதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருந்தது. எழுபத்தெட்டு ஆகிற வரைக்குமாவது.

வினோதினி கோப்பை மூடினாள். உள்வாசலையும் வெளிவழியையும் ஒருசேர அடைக்கிற கட்டளையை அடித்தாள். அடைத்தபின் இனி யாரும் திறக்க முடியாது, சரியா என்று பேழை கேட்டது. சரி என்று பதில் அடித்தாள்.

அதற்குப் பிறகு தன்னுடைய எண் எவ்வளவு ஆயிற்று என்று அவளுக்குத் தெரியாது.